வாக்கு எண்ணி முடிந்த பிறகு: பிரெக்ஸிட் ஏன் மூன்றரை ஆண்டு இழுத்தது?

"மக்கள்தான் ஓட்டுப் போட்டுச் சொல்லிவிட்டார்களே, அப்புறம் எதற்கு இத்தனை இழுபறி?" பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. அரசியல்வாதிகள் மக்கள் தீர்ப்பைக் குழிதோண்டிப் புதைக்கப் பார்த்தார்கள் என்பது ஒன்று. விவரம் தெரியாமல் மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே சொல்ல எளிது, கோபப்படவும் வசதியானவை. ஆனால் வாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23 முதல் விலகல் நிகழ்ந்த 2020 ஜனவரி 31 வரை பிரிட்டனில் நடந்ததை இவற்றை வைத்து விளக்க முடியாது. மூன்று பிரதமர்கள், இரண்டு பொதுத்தேர்தல்கள், மூன்று முறை தள்ளிப்போன கெடு என நீண்ட குழப்பத்தின் வேர், வாக்கெடுப்பு அமைக்கப்பட்ட விதத்திலேயே இருந்தது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்துவிடவில்லை. அடுத்த மூன்று ஆண்டு ஏழு மாதமும் அது முழு உறுப்பு நாடுதான். சந்தா கட்டியது, ஒன்றியத்தின் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டது. விலகப்போகும் நாடு 2019 மே 23 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்தலும் நடத்தியது.

கேட்ட கேள்வி

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி இதுதான்: ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து உறுப்பினராக இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா? விலக வேண்டும் என்றவர்கள் 1,74,10,742 பேர், அதாவது 51.9 சதவீதம். இருக்க வேண்டும் என்றவர்கள் 1,61,41,241 பேர். வாக்குப்பதிவு 72.2 சதவீதம்.

கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "பிரிந்துவிடலாமா?" என்று கேட்டால் கையைத் தூக்குவது ஒரு நிமிட வேலை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத உட்காரும்போதுதான் கிணறு யாருக்கு, கிணற்றுக்குப் போகும் பாதை யார் நிலத்தின் வழியாக, அப்பா வாங்கிய கடனில் யார் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் எழும். பிரிய வேண்டும் என்று கை தூக்கிய மூன்று பேர் மனதிலும் மூன்று விதமான பத்திரம் இருக்கும். சேர்ந்தே இருப்போம் என்றவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இருக்கிறபடியே இருப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

பிரிட்டனில் நடந்ததும் இதுவே. 'இருப்பது' என்பது தெரிந்த ஒரு நிலை. 'விலகுவது' என்பது ஒரு திசை மட்டும். அந்தத் திசையில் போனால் குறைந்தது நான்கு ஊர்கள் இருந்தன. அவற்றைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் போதும்.

ஒற்றைச் சந்தை: உறுப்பு நாடுகளுக்குள் சரக்கு, சேவை, முதலீடு, ஆட்கள் ஆகிய நான்கும் தடையின்றிப் போய்வரலாம். பொருளின் தரம், பாதுகாப்பு பற்றிய விதிகள் எல்லா நாட்டுக்கும் ஒன்றே.

சுங்க ஒன்றியம்: உறுப்பு நாடுகளுக்குள் இறக்குமதி வரி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி விதிக்க வேண்டும். அதனால் ஓர் உறுப்பு நாடு தனியாகப் போய் இந்தியாவோடோ அமெரிக்காவோடோ வரிச்சலுகை ஒப்பந்தம் போட முடியாது.

நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கிக்குப் பெரும்பாலும் தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சுங்க ஒன்றியம் உண்டு. கனடாவுக்கு இரண்டும் இல்லை, வர்த்தக ஒப்பந்தம் மட்டுமே. எந்த ஒப்பந்தமும் இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் பொது விதிகளின்படி வியாபாரம் செய்வது நான்காவது ஊர். வெளிநாட்டினர் வரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டவருக்கு நார்வே வழி உதவாது, அங்கே ஆட்கள் தடையின்றி வரலாம். உலகம் முழுக்க ஒப்பந்தம் போட வேண்டும் என்று ஓட்டுப் போட்டவருக்குத் துருக்கி வழி உதவாது. இந்த இருவரும் அந்த 51.9 சதவீதத்துக்குள் அடுத்தடுத்து நின்றார்கள். தெரேசா மே பிரதமரானதும் சொன்ன "பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்தான்" என்ற வாசகம் கேலிக்கு ஆளானாலும், எந்த ஊர் என்று சொல்லாமல் காலம் கடத்த அவருக்கு அது ஆறு மாதம் கைகொடுத்தது. ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் இரண்டிலிருந்தும் வெளியேறுவோம் என்று அவர் வெளிப்படையாக அறிவித்தது 2017 ஜனவரி 17 அன்றுதான்.

தீர்ப்பா, ஆலோசனையா?

பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி: அந்த வாக்கெடுப்பு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. அதை நடத்துவதற்காக இயற்றிய 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில், முடிவு வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. மறந்துவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. 2011இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று நடத்திய வாக்கெடுப்பின் சட்டத்தில், 'ஆம்' வென்றால் புதிய முறையை அமைச்சர் நடைமுறைக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

குறைந்தபட்ச வரம்பும் வைக்கவில்லை. 1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 சதவீதமாவது ஆதரிக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அப்போது 51.6 சதவீதம் பேர் 'ஆம்' என்றும், அது மொத்த வாக்காளர்களில் 33 சதவீதத்தைத் தாண்டவில்லை, திட்டம் விழுந்தது. 2016இல் விலக வேண்டும் என்றவர்கள் மொத்த வாக்காளர்களில் சுமார் 37 சதவீதம். பழைய வரம்பு இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் விளையாட்டு முடிந்தபின் விதியை மாற்ற முடியாது. அரசியலில் அந்த முடிவு கட்டளையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது, அது நியாயமும்கூட.

யார் ஓட்டுப் போடலாம் என்பதிலும் ஒரு வேடிக்கை. பிரிட்டனில் முறைப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருந்த லண்டன் தமிழர் வாக்களிக்கலாம். இருபது ஆண்டாக அதே தெருவில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரருக்கோ ஜெர்மானியருக்கோ அந்த உரிமை இல்லை, அவர்கள் வாழ்க்கையைத்தான் முடிவு நேரடியாகத் தொட்டது என்றாலும்.

ஆலோசனை என்பதால் அடுத்த கேள்வி வந்தது. விலகல் கடிதத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும் அதிகாரம் யாருக்கு? பிரதமருக்கே என்றது அரசு. வெளிநாட்டு ஒப்பந்தங்களைச் செய்வதும் முறிப்பதும் மன்னர் பெயரால் அமைச்சர்கள் பயன்படுத்தும் பழைய அதிகாரம். ஆனால் இந்தக் கடிதம் மக்களின் சட்ட உரிமைகளையே மாற்றும், அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்று ஜினா மில்லர் என்ற தொழில்முனைவோர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று 8க்கு 3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டம் இயற்றி அனுமதி கொடுத்தபின், மார்ச் 29 அன்று கடிதம் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கேள்வியின் ஒரு பாதிக்குப் பொருள் வரையறுக்கப்படவில்லை. முடிவை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆகவே இரண்டையும் பின்னால் வந்த அரசாங்கமும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் தங்களுக்குள் மோதித் தீர்க்க வேண்டியதாயிற்று.

பிரிவு 50: கெடு ஓடத் தொடங்கியது

ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆவது பிரிவு, உறுப்பு நாடு விலகும் முறையைச் சொல்கிறது. ஐந்தே உட்பிரிவுகள். நடைமுறை இது:

விலகும் நாடு தன் விருப்பத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. அதற்குள் விலகல் ஒப்பந்தம் எழுதி முடிக்க வேண்டும். ஒன்றியத்தின் பக்கம் 27 நாடுகளில் 20 நாடுகள், மக்கள்தொகையில் 65 சதவீதத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும், ஐரோப்பிய நாடாளுமன்றமும் இசைய வேண்டும். கெடுவை நீட்டிக்க வேண்டுமென்றால் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும், மால்டா ஒன்று தலையாட்டாவிட்டாலும் முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது. வழக்கமான அரசியலில் மசோதா தோற்றால் பழைய நிலை தொடரும். இங்கே பழைய நிலை தொடராது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு முடியும் இரவில் எல்லாச் சட்ட உறவும் ஒரேயடியாக அறுந்துவிடும். செய்திகளில் 'நோ டீல்' என்று அடிபட்டது இதுதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே ஒரு முடிவாகிவிடும் அமைப்பு. இதைப் புரிந்துகொண்டால் 2019இல் நடந்த கூத்துகளில் பாதி புரிந்துவிடும்.

கடிதத்தை எப்போது அனுப்புவது என்பதே பிரிட்டன் கையில் இருந்த பெரிய பிடி. எந்த ஊருக்குப் போகிறோம் என்று தன் அமைச்சரவையிலேயே ஒருமித்த முடிவு வருவதற்குள் அதைக் கொடுத்தாயிற்று. கொடுத்த மூன்றாம் மாதமே பொதுத்தேர்தல். 2017 ஜூன் 8இல் பெரும்பான்மையைக் கூட்டிக்கொள்ளப் போன தெரேசா மே, இருந்ததையும் இழந்து, பிரிட்டனோடு சேர்ந்திருப்பதை வலியுறுத்தும் வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் பத்து உறுப்பினர்களை நம்பி ஆட்சி நடத்தும் நிலைக்கு வந்தார்.

பேச்சுவார்த்தையின் வரிசையும் பிரிட்டனுக்குச் சாதகமாக இல்லை. முதலில் பிரிவுக் கணக்கு, அதில் போதிய முன்னேற்றம் கண்டபின்பே வருங்கால வர்த்தகம் பற்றிப் பேச்சு என்பது ஒன்றியத்தின் நிலை. 2017 ஜூன் 19இல் முதல்நாள் பேச்சிலேயே பிரிட்டன் அதற்கு ஒத்துக்கொண்டது. பிரிவுக் கணக்கில் மூன்று தலைப்புகள்: இரு பக்கமும் குடியேறி வாழ்பவர்களின் உரிமை, பிரிட்டன் கட்ட வேண்டிய பாக்கி, அயர்லாந்து எல்லை. முதல் இரண்டும் பேரம் பேசித் தீர்ந்தன. மூன்றாவது தீரவில்லை.

அயர்லாந்து எல்லை

வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தது. தெற்கே அயர்லாந்து குடியரசு தனி நாடு, ஒன்றியத்தின் உறுப்பினர். இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற சமூகத்துக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற சமூகத்துக்கும் இடையிலான மோதலில், முப்பது ஆண்டு வன்முறையில் சுமார் 3,500 பேர் இறந்தபின், 1998இல் கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கை அமைதியைக் கொண்டுவந்தது. அதன்பின் காவல் கோபுரங்கள் போயின. இன்று வண்டியில் கடந்தால், சாலைப் பலகையில் வேக அளவு மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதை வைத்துத்தான் எல்லை தாண்டியது தெரியும்.

இப்போது இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிரிட்டன் ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேற வேண்டும். அயர்லாந்துத் தீவுக்குள் சோதனைச் சாவடி வரக் கூடாது. வட அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் இடையிலும் சோதனை கூடாது. வரியும் தரவிதியும் வேறுபடும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே எங்காவது ஓரிடத்தில் சரக்கைப் பார்த்தாக வேண்டும். ஆகவே மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மூன்றையும் முடியாது. மூன்றையும் தருவதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தது!

தெரேசா மே கண்ட வழி 'பேக்ஸ்டாப்': வேறு தீர்வு கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதுமே ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கும், இரு பக்கமும் சம்மதித்தால்தான் அதிலிருந்து வெளிவர முடியும். அதாவது முதல் நிபந்தனையைத் தளர்த்தினார். வாசலைத் தாண்டியும் உள்ளேயே நிற்பதற்கா ஓட்டுப் போட்டோம் என்று அவர் கட்சியினரே கொதித்தார்கள்.

எதற்கும் பெரும்பான்மை இல்லாத அவை

585 பக்க விலகல் ஒப்பந்தம் 2018 நவம்பரில் தயாரானது. 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில் அதற்கு ஆதரவு 202, எதிர்ப்பு 432. 230 வாக்கு வித்தியாசத்தில் ஓர் அரசு அங்கே தோற்றதில்லை. எதிர்த்தவர்களில் 118 பேர் பிரதமரின் சொந்தக் கட்சியினர். மறுநாளே வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 306க்கு 325 என்று தோற்றது. இந்த ஒப்பந்தம் வேண்டாம், ஆனால் இந்த அரசும் போக வேண்டாம்!

மார்ச் 12இல் மீண்டும் 242க்கு 391. மறுநாள், ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதும் வேண்டாம் என்று அவை தீர்மானம் போட்டது. அது விருப்பத்தைச் சொல்லும் தீர்மானம் மட்டுமே, சட்டத்தில் கெடு அப்படியே இருந்தது. அதே தீர்மானத்தை மூன்றாம் முறை அப்படியே கொண்டுவரக் கூடாது என்று 1604ஆம் ஆண்டு மரபைக் காட்டி அவைத்தலைவர் ஜான் பெர்கோ தடுத்தார். ஒப்பந்தத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மார்ச் 29இல், வெளியேறியிருக்க வேண்டிய அதே நாளில், வைத்தபோது 286க்கு 344.

சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று அவையையே கேட்டுப் பார்த்தார்கள். மார்ச் 27இல் எட்டு யோசனைகள், எட்டும் தோல்வி. ஏப்ரல் 1இல் நான்கு, நான்கும் தோல்வி. சுங்க ஒன்றியத்தில் தொடரலாம் என்பது 273க்கு 276 என்று மூன்றே வாக்கில் விழுந்தது. ஒப்பந்தத்தை மக்களிடமே மறுபடி வாக்குக்கு விடலாம் என்பது 280க்கு 292.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுத்தான் வாக்களித்தார்கள் என்பதே உண்மை. முழு முறிவை விரும்பியவர், இந்த ஒப்பந்தம் தோற்றுக் கெடு முடிந்தால் தான் கேட்டது தானாகவே வந்துவிடும் என்று எண்ணினார். ஒன்றியத்திலேயே இருக்க விரும்பியவருக்கும் நம்பிக்கை இருந்தது. பிரிட்டன் நினைத்தால் கடிதத்தைத் தன்னிச்சையாகத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10இல் சொல்லியிருந்தது. இரு முனையில் நின்றவர்களுக்கும் பிடித்த முடிவு இன்னும் உயிரோடு இருந்ததால், நடுவில் இருந்த சமரசத்தை இருவரும் சேர்ந்தே வீழ்த்தினார்கள். மூன்று தேர்வுகள் இருந்து ஒவ்வொன்றையும் மூன்றில் இரண்டு பங்கினர் வெறுத்தால், 'வேண்டாம்' என்பதற்கு எப்போதும் பெரும்பான்மை கிடைக்கும், 'வேண்டும்' என்பதற்குக் கிடைக்கவே கிடைக்காது.

தொழில்களுக்கு என்ன ஆயிற்று?

பொருளாதாரத்தில் இடர் வேறு, நிச்சயமின்மை வேறு. என்னென்ன நடக்கலாம், எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஓரளவு கணக்கிட முடிந்தால் அது இடர், காப்பீடு எடுக்கலாம். வாய்ப்பைக் கணக்கிட அடிப்படையே இல்லாவிட்டால் அது நிச்சயமின்மை. அதற்குக் காப்பீடு கிடையாது, காத்திருப்பது ஒன்றே வழி. புதிய தொழிற்சாலை கட்டினால் இடித்துத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே தள்ளிப்போடுகிறார்கள். யாரும் மூடாவிட்டாலும், ஆட்குறைப்பு செய்யாவிட்டாலும் முதலீடு படுத்துக்கொள்கிறது.

பணச்சந்தை காத்திருக்கவில்லை. முடிவு தெரிந்த இரவிலேயே பவுண்டு சுமார் 1.50 டாலரிலிருந்து 1.33 டாலர் அளவுக்கு இறங்கியது. 1985க்குப் பிறகு அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை.

கெடு நகர்ந்துகொண்டே இருந்ததில் வந்த நட்டம் வேறு வகை. கார் தொழிற்சாலைகள் பராமரிப்புக்காகக் கோடையில் சில வாரம் மூடுவது வழக்கம். மார்ச் 29இல் துறைமுகங்கள் திணறும், உதிரிபாகம் வராது என்று எண்ணி, 2019இல் பல ஆலைகள் அந்த விடுமுறையை ஏப்ரலுக்கு முன்தள்ளின. வெளியேற்றம் கடைசி நேரத்தில் தள்ளிப்போயிற்று, பின்னர் அக்டோபர் வரை. தொழிலாளர் விடுப்பும் பராமரிப்பு வேலைகளும் ஏற்பாடாகிவிட்டதால் மூடலை மாற்ற முடியவில்லை. அந்த ஏப்ரலில் பிரிட்டனின் கார் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்தது. அக்டோபர் கெடுவுக்கு மறுபடி ஒரு முறை மூடவும் முடியாது. ஆயத்தமாக இருந்தவர்களுக்கே அடி.

சிலர் காத்திருக்கவும் முடியாது. ஐரோப்பிய மருந்துகள் முகமை லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும், ஐரோப்பிய வங்கி ஆணையம் பாரிஸுக்கும் போய்விட்டன. பிரிட்டன் பின்னர் மனம் மாறினாலும் அவை திரும்பி வரப்போவதில்லை.

முடிச்சு அவிழ்ந்த விதம்

தெரேசா மேக்குப் பின் 2019 ஜூலை 24இல் பிரதமரான போரிஸ் ஜான்சன் மூன்று நிபந்தனைகளில் வேறொன்றை விட்டார். வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றும், சோதனை அயர்லாந்துக் கடலில் நடக்கும். ஜனநாயக ஒன்றியக் கட்சிக்கு இது துரோகம். ஆனால் இங்கிலாந்தில் இருந்த கட்சிக்காரர்களுக்கு இது பேக்ஸ்டாப்பைவிட எளிதாக இறங்கியது.

அதற்கு முன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்க அவர் முயன்றதை, உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டவிரோதம் என்றார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடு நீட்டிப்புக் கேட்டாக வேண்டும் என்று அவை ஒரு சட்டம் இயற்றி அவர் கையைக் கட்டியது. தேர்தலுக்குப் போகலாமென்றால் அன்றைய சட்டப்படி 650 பேரில் 434 பேர் ஆதரவு வேண்டும், கிடைக்கவில்லை. கடைசியில் தேர்தலுக்கென்றே தனிச் சட்டம் போட்டுத்தான் 2019 டிசம்பர் 12 வந்தது. அவருடைய கன்சர்வேடிவ் கட்சி 365 இடம், பெரும்பான்மை 80. ஒப்பந்தத்தை எதிர்த்த அணிகள் தனித்தனியே நின்றதில் அவற்றின் வாக்குகள் சிதறின. அவையின் கணக்கு மாறியதும், அதுவரை முடங்கியிருந்த ஒப்பந்த மசோதா சில வாரத்தில் சட்டமானது. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரிட்டன் விலகியது.

ஜனவரி 31க்குப் பிறகும்

விலகிய நாளில் வர்த்தக உறவு பற்றி ஒரு வரிகூட முடிவாகியிருக்கவில்லை. அந்த ஆண்டு இறுதிவரை பழைய விதிகளே தொடரும் என்று ஓர் இடைக்காலம் வைத்தார்கள். வர்த்தக ஒப்பந்தம் டிசம்பர் 24இல்தான் முடிந்தது, நடைமுறைக்கு வர ஒரு வாரம்தான் மிச்சம். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் அந்த ஆவணத்தை, சரக்கு அனுப்புபவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடல் எல்லை ஏற்பாடும் நிரந்தரமானதல்ல. அதைத் தொடரலாமா என்று வட அயர்லாந்துச் சட்டமன்றம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை வாக்களிக்க வேண்டும். வட அயர்லாந்தின் அந்த இரு சமூகங்களின் பிரதிநிதிகளும் சேர்ந்து ஆதரித்தால் எட்டு ஆண்டு, வெறும் எண்ணிக்கைப் பெரும்பான்மை என்றால் நான்கு ஆண்டு. 2024 டிசம்பர் 10இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் 48க்கு 36 என்று ஆதரவு கிடைத்தது. பிரிட்டனோடு சேர்ந்திருப்பதை வலியுறுத்தும் கட்சிகள் எதிர்த்தே வாக்களித்தன. ஆகவே நான்கு ஆண்டுதான், அடுத்த வாக்கு 2028இல்.